தலைவலிக்கு மாத்திரைதானா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழி இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கின்றது. நமது கல்லூரி உலகம் அப்படி வைப்பதில்லை. காய்ச்சல் என்றால் விடுப்பு உண்டு, கஞ்சி உண்டு, அடுத்த அறைத் தோழரின் பரிவு உண்டு. தலைவலி என்றாலோ, "தேர்வு நெருங்குகிறது அல்லவா?" என்ற புன்னகை ஒன்றே உண்டு. வெப்பமானியில் ஏறாத நோய்க்கு யார் இரங்குவர்? ஆகவே இளைஞன் தன் தலைவலியைத் தானே தீர்த்துக்கொள்கின்றான். கடைக்குப் போகின்றான், பெயர் சொல்லி இரண்டு மாத்திரை கேட்கின்றான், விழுங்கிவிட்டுப் புத்தகத்தின் முன் மீண்டும் உட்காருகின்றான். மூன்றாம் நாள் மீண்டும் அதே கடை. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நண்பர்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

எல்லாத் தலைவலியும் ஒன்றன்று. பாதித் தலையில் விண்விண்ணென்று தெறித்து, குமட்டலும் கொணர்ந்து, படியேறினால் பெருகும் ஒற்றைத் தலைவலி வேறு. நான் கூறுவது பெரும்பாலும் பிற்பகலில் வருவது. பிடரியில் தொடங்கி, நெற்றிப் பொட்டு இரண்டையும் பற்றி, ஈரத் துண்டால் தலையைச் சுற்றி இறுகக் கட்டினாற்போல அழுத்துவது. ஆளைப் படுக்கையில் வீழ்த்துவதில்லை. வேலை செய்யவும் விடுவதில்லை. அரை மணியிலும் போகலாம். ஏழு நாளும் இருக்கலாம் என்று மருத்துவ வரையறை கூறுகின்றது. 2016-ஆம் ஆண்டுக்குரிய உலகக் கணக்கின்படி இத்தலைவலி உடையோர் 189 கோடிப் பேர். ஒற்றைத் தலைவலி உடையோரைவிட மிகுதி. தொலைவில் தேட வேண்டியதுமில்லை. பெங்களூர் வட்டாரத்தில் 18 முதல் 65 வயது வரையுள்ள 2,300-க்கும் மேற்பட்டோரைக் கேட்டறிந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு தலைவலியால் வருந்தியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர். அவருள் பெரும்பகுதியினர்க்கு இருந்தது இந்த இறுக்கத் தலைவலியே.

இறுக்கத் தலைவலி என்ற பெயரை நான் வேண்டுமென்றே ஆளுகின்றேன். ஆங்கிலத்தில் இதனை 'டென்ஷன்' தலைவலி என்பர். அந்தச் சொல் நம்மிடம் வந்து வேறு பொருள் ஏறிவிட்டது. "டென்ஷன் ஆகாதே" என்கின்றோம் நாம். "டென்ஷன் அடிக்கல்லே" என்கின்றனர் நம் மலையாளத் தோழர்கள். இரு மொழியிலும் அது மனக்கலக்கம். ஆகவே நாளிதழ்களில் இதனை 'மன அழுத்தத் தலைவலி' என்று மொழிபெயர்த்துவிடுகின்றனர். மொழிபெயர்ப்பு செய்த கேடு இது! மாணவி ஒருத்தி தலைவலிக்கின்றது என்றால், அவள் மனத்தில்தான் ஏதோ கோளாறு என்று வீட்டார் முடிவு கட்ட இச்சொல்லே இடங்கொடுக்கின்றது. மருத்துவ உலகமோ அவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை. 1962-இல் அமெரிக்க அறிஞர் குழு இதனைத் தசைச் சுருக்கத் தலைவலி என்றது. தசை ஒன்றே காரணம் என்பதும் மெய்ப்படாமற் போகவே, 1988-இல் உலகத் தலைவலிக் கழகம் 'டென்ஷன் வகைத் தலைவலி' என்று, காரணத்தை அறுதியிடாமல், வகையை மட்டும் குறித்தது. தமிழில் 'இறுக்கம்' என்றால் தசைக்கும் பொருந்தும், மனத்திற்கும் பொருந்தும், எவரையும் குற்றஞ்சாட்டாது. இதனினும் நல்ல சொல் கிடைத்தால் மன்றத்தார் கூறுக, ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

இனி, தலையில் வலிப்பதற்குக் கழுத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். தலையின் எடை 4½ முதல் 5 கிலோ. அதனைத் தாங்கி நிற்பன பிடரித் தசைகளும், தோளிலிருந்து மண்டையோட்டின் அடிவரை விரிந்து கிடக்கும் பெருந்தசையும். மண்டையோடும் கழுத்தெலும்பும் கூடும் இடத்தில் விரலளவேயான சிறு தசைகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று மெல்லிய இழையால் மூளையுறையோடு பிணைந்திருப்பதை 1995-இல் அமெரிக்க உடற்கூற்றறிஞர் கண்டு எழுதினர். இத்தலைவலி உடையோரின் பிடரி, தோள், பொட்டுத் தசைகளை அழுத்தினால் மற்றவரைவிட மிகுதியாக நோவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் மருத்துவராகப் பொறுப்பேற்ற ஜானட் டிராவெல் அம்மையார், தோள் தசையில் முடிச்சுப் போன்ற ஓரிடத்தை அழுத்தினால் வலி நெற்றிப் பொட்டில் தோன்றுவதை வரைபடமாகவே வரைந்து காட்டினார்; டேவிட் சைமன்ஸ் என்பாரோடு அவர் எழுதிய பெருநூல் 1983-இல் வெளிவந்தது. வலி ஓரிடம், ஊற்று வேறிடம்! நெற்றியைத் தேய்ப்பதால் மட்டும் தீராமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆயின் மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி என்ற நிலையில், தசையோடு நில்லாது நரம்பு மண்டலமே கூர்மையுற்று, சிறு தூண்டலையும் வலியாக உணரத் தொடங்கிவிடும். அதனால்தான் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டுமென்கின்றேன்.

கைபேசியைக் குனிந்து பார்ப்பதால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகின்றது என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றது. 2014-இல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னது அது. தலையை 60 பாகை சாய்த்தால் வரும் விசை. உயிருள்ள கழுத்தில் அளந்ததன்று, மாதிரியொன்றில் கணக்கிட்டது. இளைஞரை அச்சுறுத்த அது பயன்பட்டதேயன்றி வலியைக் குறைக்கப் பயன்பட்டதாக நான் அறியேன். குனிவது குற்றமன்று, நம் உழவரும் குனிகின்றனர், தறியில் அமர்ந்தோரும் குனிகின்றனர். ஒரே நிலையில் மணிக்கணக்காய் அசையாதிருப்பதும், அதைத் தாங்கும் வலு தசைக்கு இல்லாமையுமே தொல்லை.

நம் திருவனந்தபுரத்து மாணவர் வாழ்க்கையைப் பாருங்கள். நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை நிலையங்களில் விடியுமுன் வண்டியேறி, தோளில் பையைச் சுமந்து நின்றுகொண்டே வருவோர் ஒருசாரார். விடுதியில் கட்டிலையே மேசையாக்கி, மடிக்கணினியை மடிமீதே வைத்து, முதுகை வில்லாய் வளைத்து ஆய்வேடு தட்டச்சுவோர் ஒருசாரார். பட்டத்துத் தேர்வாணையத்தின் அறிவிப்பை எதிர்நோக்கிப் படிப்பகத்தில் காலை முதல் இரவுவரை ஆணியடித்தாற்போல் அமர்ந்திருப்போர் எண்ணிலர். படிப்பு முடிந்து 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கில் வேலை கிடைத்துவிட்டாலும், மாறுவது நாற்காலிதான். உட்காரும் முறை மாறுவதில்லை. இருபது வயதில் தொடங்கும் இந்த வாழ்க்கையை நாற்பது ஆண்டு நடத்தப்போகும் கழுத்துக்கு நாம் கற்பித்துக்கொடுப்பது யாது?

கற்பிப்பது மாத்திரையை. எப்போதோ ஒருமுறை வலிக்கும்போது ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொள்வதை நான் குறைகூறவில்லை. அது நல்ல மருந்து. ஆனால் மருந்தே நோயாகும் எல்லை ஒன்று உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்? ஏற்கெனவே தலைவலித் தொல்லை உடையவர், வெறும் வலிநீக்கி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அந்த மாத்திரையாலேயே நாள்தோறும் தலைவலி வரும் நிலை உண்டாகலாம். உலகத் தலைவலிக் கழகம் அதனைத் தனி நோயாகவே வகுத்திருக்கின்றது. காலையில் வலியோடு விழிப்பு, மாத்திரை, மாலையில் மறுபடி வலி, மறுபடி மாத்திரை. கடன் வாங்கி வட்டி கட்டுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. விடுதி நண்பர்கள் ஒரு நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளை மட்டும் புள்ளியிட்டு வந்தால் போதும். மாத முடிவில் புள்ளிகளே பேசும்.

தைலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இல்லையேல் பாட்டிமார் மன்னிக்க மாட்டார்கள். 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேசுவரராவ் தொடங்கி, 1914-இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் இல்லாத தமிழ் வீடு அந்நாளில் அரிது. இங்கே கேரளத்திலோ குளித்தபின் உச்சியில் ராஸ்நாதி சூரணம் தேய்ப்பர். இவற்றை எள்ளுவது படித்தவர்க்கு வழக்கமாகிவிட்டது. ஆயின் 1996-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நெற்றியில் தடவிய புதினா எண்ணெய் இத்தலைவலிக்குப் பாரசிட்டமாலுக்கு நிகரான பயன் தந்ததாகக் கண்டனர். பாட்டி அறியாமையால் தடவவில்லை. எனினும் தைலம் இன்றைய வலியைத் தணிக்கும்; நாளைய வலியைத் தடுக்காது.

தடவுமுறைக்கும் இதே வரையறைதான். தென் திருவிதாங்கூர், அதாவது இன்றைய குமரி மாவட்டமும் நெய்யாற்றங்கரைப் பகுதியும், வர்ம ஆசான்களின் நாடு. பிடரியிலும் தோளிலும் எண்ணெயிட்டு அவர்கள் விரலோட்டினால் வலி இளகுவதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் நாம் ஒன்றை மறந்துவிட்டோம். கிழக்குக் கோட்டையில் 1956 முதல் நடந்துவரும் சி.வி.என். களரியிலோ, பழைய ஆசான்களின் அடிமுறைக் களத்திலோ, உழிச்சல் என்பது தனித்து நின்றதில்லை. உடம்பைப் பிடித்துவிட்ட ஆசானே மாணவனை மெய்ப்பயிற்சிக்கும் நிறுத்தினார். பயிற்சிக்காக உழிச்சல், உழிச்சலுக்காகப் பயிற்சி. நாம் இன்று படுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுந்து நிற்கும் பகுதியை விட்டுவிட்டோம்!

இதே பாடத்தை மேனாட்டு ஆய்வொன்றும் தருவது வியப்பு. நெதர்லாந்தில் இத்தலைவலி உடைய 81 பேரை இரு கூறாக்கினர். இரு கூறினர்க்கும் ஆறு வாரம் தேய்ப்பு, மூட்டசைவு, நிற்கும் இருக்கும் நிலைத் திருத்தம் ஆகிய வழக்கமான இயன்முறை மருத்துவம் நடந்தது. ஒரு கூறினர்க்கு மட்டும், ரப்பர்ப் பட்டையைக் கொண்டு கழுத்தின் உட்தசைகளை மெல்ல வலுப்படுத்தும் பயிற்சியைச் சேர்த்துக் கற்பித்து, வீட்டிலும் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வலி வரும் நாளும், வலியின் கடுமையும், நீடிக்கும் நேரமும் பயிற்சி பெற்றவரிடமே தெளிவாகக் குறைந்திருந்தன. 2006-இல் வெளிவந்த ஆய்வு இது. டென்மார்க்கில் 2011-இல் வெளியான இன்னொன்று எனக்கு மேலும் பிடித்தது. கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலியுடைய அலுவலகத்தார் 198 பேர். நாளுக்கு 2 நிமிடம் ஒரு குழு, 12 நிமிடம் ஒரு குழு, பயிற்சியில்லாத குழு ஒன்று. ரப்பர்க் குழாயைக் கொண்டு கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் ஒரே பயிற்சி. வாரம் ஐந்து நாள், பத்து வாரம். இரண்டு நிமிடக் குழுவிலும் வலி குறைந்தது. தலைவலி வரும் தடவையும் குறைந்தது. இரண்டு நிமிடம்! விடுதியில் வெந்நீருக்கு வரிசையில் நிற்கும் நேரம்கூட அன்று.

இவ்வாய்வுகள் சிறியவை, பயிற்சியால் எல்லார்க்கும் எல்லா வலியும் ஒழியும் என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. ஆனால் செலவு சிறிது, தீங்கு மிகச் சிறிது, கற்றது கையோடு நிற்கும் என்ற மூன்றும் சேர்ந்த மருந்து வேறெது?

பயிற்சி எத்தன்மையது என்று அறிய விரும்புவோர்க்கு இரண்டொன்று கூறுவேன். சுவரில் முதுகு சாய்த்து நின்று, 'ஆம்' என்று மிக மெல்லத் தலையசைப்பதுபோல முகவாயைக் கழுத்தை நோக்கி உள்வாங்குக. பத்து எண்ணும் மட்டும் நிறுத்தித் தளர்த்துக. இவ்வாறு பத்து முறை. கழுத்தின் முன்புறம் நரம்பு புடைத்தாற்போல் தசை எழுந்தால், மிகையாக முயல்கின்றீர் என்று பொருள். அடுத்து, பட்டையின் நடுவைப் பாதத்தால் மிதித்து, முனைகளைப் பற்றி, இரு கைகளையும் பக்கவாட்டில் தோளுயரம் உயர்த்தி இறக்குக. டென்மார்க்கில் செய்தது இதுவே. இவற்றோடு, 1929-இல் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூலாக்கிய தளர்வுப் பயிற்சியையும் சேர்க்கலாம்: கை, தோள், நெற்றி, தாடை என ஒவ்வொரு தசையையும் முதலில் இறுக்கி, பின் தளரவிட்டு, இரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணர்வது. தாடையைக் கடித்துக்கொண்டே படிக்கின்றோம் என்பது அப்போதுதான் பலர்க்குப் புலனாகும். ஆயினும் அளவும் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் ஒருமுறையேனும் பயின்றவர் கண் முன்னே செய்து காட்டித் திருத்தம் பெறுதல் வேண்டும்.

முடிதிருத்தும் நிலையத்தில் தலையைப் பிடித்துவிடும்போது, கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கெடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அரிதாயினும், கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அதனால் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. இன்னும் சில தலைவலிகளுக்குப் பயிற்சியும் ஆகாது, தைலமும் ஆகாது; நேரே மருத்துவமனைதான். இடிபோல் திடீரெனத் தாக்கும் வலி. தலையில் அடிபட்டபின் வரும் வலி. பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி, வலிப்பு இவற்றோடு கூடிய வலி. காய்ச்சலும் வாந்தியும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. நெய்யாற்றங்கரைப் பகுதியில் 2024-இல் குளத்தில் குளித்த இளைஞர் சிலர் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு ஆளாகி நம் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதுவும் தலைவலியாகவே தொடங்கியது.

இனி நான் சொல்ல வந்த குறைக்கு வருகின்றேன். இயன்முறை மருத்துவக் கல்வி நம் நாட்டில் 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் கால்கொண்டபோது, அதை வேண்டி நின்றவர் இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த குழந்தைகள். பின்னர்ப் பக்கவாதம் கண்டவரும் எலும்பு முறிந்தவரும் நாடினர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவரை வீட்டு வாயிலுக்கே அனுப்பியது. படுக்கையிற் கிடக்கும் முதியோர்க்கு அது பெரும் பேறு. இவையெல்லாம் வேண்டியனவே. ஆனால் இதனால் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது: இயன்முறை மருத்துவம் என்பது நடக்க முடியாதவர்க்கு உரியது என்று. நடக்கவும் ஓடவும் முடிந்து, நாலு மணி நேரம் தலைநிமிர்ந்து படிக்க மட்டும் முடியாத இருபது வயதினர்க்கு அங்கே இடமில்லை.

இடம் பெற்ற இளைஞர் ஒரு கூட்டத்தார் உண்டு, விளையாட்டு வீரர். காரியவட்டத்தில் நமது பல்கலைக் கழகம் குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில்தான், 2015-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த பெரிய விளையாட்டரங்கம் நிற்கின்றது. அங்கே பந்து வீசுபவர் தோளைப் பிடித்துக்கொண்டால் அடுத்த கணம் இயன்முறை மருத்துவர் பையோடு ஓடி வருகின்றார். நாடே தொலைக்காட்சியில் பார்க்கின்றது. கூப்பிடு தூரத்தில், வகுப்பறையில் பிடரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாணவனை நோக்கி யாரும் ஓடி வருவதில்லை. விடுதிகளில் மருத்துவர் வருகை உண்டு. இயன்முறை மருத்துவர் வருகை என்பதை எத்தனை விடுதிகளில் கண்டிருக்கின்றோம்?

"கவலையால் வருவதற்குக் கழுத்தைத் தேய்த்து என்ன பயன்?" என்பார் இருக்கின்றனர். கவலையும் உறக்கமின்மையும் இத்தலைவலியைப் பெருக்குவது உண்மை. மனம் சோர்ந்தவர் மனநல ஆலோசகரை நாட வேண்டுவதும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகுமா? தேர்வையும் வேலையின்மையையும் மாணவன் நாளையே ஒழித்துவிட முடியாது. தோளுக்கு வலுவூட்டுவது அவன் கையில் இருக்கின்றது. செலவு மிகும் என்பாரும் உளர். மருத்துவக் கட்டடம் கேட்கவில்லை, பொறி கேட்கவில்லை. வாரம் இரு மாலை, பாளையத்தில் ஒன்றும் காரியவட்டத்தில் ஒன்றுமாக, தகுதி பெற்ற ஒருவர் வந்து மணி இரண்டு இருந்தால் போதும். 2021-இல் வந்த துணைமருத்துவத் தொழிலாளர் சட்டத்தில் இயன்முறை மருத்துவமும் இடம் பெற்றுள்ளது; தகுதியுடையவரை இனங்காண்பதும் எளிதாகும்.

அதுவரை நமது மன்றம் சும்மா இருக்க வேண்டுவதில்லை. மேலே சொன்ன பயிற்சிகளை ஓர் இயன்முறை மருத்துவரிடம் காட்டித் திருத்தி, படத்தோடு ஒரே தாளில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடலாம். படம் வரைய மன்றத்தில் கைகள் உண்டு. மொழிபெயர்க்க நாவும் உண்டு. தாளின் அடியில், மாத்திரை நாளைக் குறிக்க முப்பத்தொரு கட்டம் போட்டுவிட வேண்டும். படிப்பகத்து வாயிலில் ஒன்று, விடுதி உணவறையில் ஒன்று, மகளிர் விடுதிக்கு ஒன்று. ரப்பர்ப் பட்டை பத்து வாங்கி மன்ற அறையில் வைத்தால் மாறி மாறிப் பயன்படுத்தலாம். அடுத்த செயற்குழுவில் இதற்குரிய தீர்மானத்தை நான் கொண்டுவர இருக்கின்றேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.